இடது தொடை

"சொல்லுங்க தேச்சா. கம்பொன் உங்ககூட நேர்மையா சண்டை போட்டானா, இல்லையா?"

ஸ்டேடியம் கமிட்டியிலிருந்து தொலைபேசி. சனிக்கிழமை ஆட்டத்தில் தேச்சா ஜெயித்திருந்தான். கம்பொன் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றான் என்று பந்தயம் கட்டியவர்கள் கூரை அதிரக் கத்தினார்கள். இன்று மதியம் விசாரணை. குற்றம் உறுதியானால் ஒரு வருடத் தடை. கையாலும் காலாலும் மோதும் தாய்லாந்துக் குத்துச்சண்டையில் முப்பது வயதுக்காரனுக்கு அது ஆயுள் தண்டனை.

தேச்சா அதிகம் யோசிக்கவில்லை.

"நான் ஜெயிச்சது என் பலத்துல சார். அவன் காசு வாங்கினானான்னு எனக்குத் தெரியாது. ஆனா வாங்கக்கூடிய ஆள்தான்."

"இதை எழுதிக்கலாமா?"

"தாராளமா."

பொய் சொல்லாமலே ஒருவனைக் கவிழ்ப்பது ஒரு கலை. தேச்சாவுக்கு அன்று அது தானாக வந்தது.

இருவரும் ஒன்பது வருடம் ஒரே பயிற்சி முகாமில் இருந்தவர்கள். ஒரே கூடையில் கைவிட்டு ஒட்டரிசிச் சோறு தின்றவர்கள். நாலு மாதத்துக்கு முன் தேச்சாவின் இடது தொடைத் தசை கிழிந்தது. ஆறு மாதம் ஓய்வு என்றார் டாக்டர். ஒரே மாதம் என்றான் பெப்டைடு என்ற ஊசிமருந்து விற்கும் அனன். குட்டிக் குட்டிக் குப்பிகள், வெள்ளைப் பொடி, கலக்கத் தண்ணீர், மெல்லிய ஊசி. தேச்சா இரண்டாமவனை நம்பினான்.

அன்றைக்குக் கம்பொன் குப்பியைத் திருப்பிப் பார்த்தான்.

"டேய், இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சியா? 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதருக்கு அல்ல.'"

"அதெல்லாம் சட்டத்துக்காகப் போடறதுடா. எலிக்கு நல்லா குணமாயிருக்காம்."

"அந்த எலி யார்கிட்டயாவது அஞ்சு ரவுண்டு உதை வாங்கிச்சா?"

தேச்சா கேட்கவில்லை. கம்பொன் நேராக முகாம் சொந்தக்காரி ராட்ரி அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டான். அக்கா அந்த மாத ஆட்டத்தை ரத்து செய்தாள்.

"பொறாமை பிடிச்ச நாயே!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான் தேச்சா. அந்த வாரமே கம்பொன் வேறு முகாமுக்குப் போனான்.

ஒரே முகாம் ஆட்களை மோத விடமாட்டார்கள். முகாம் மாறிவிட்டால் தடையில்லை. முறிந்த நட்புக்கு டிக்கெட் நன்றாக விற்கும் என்பது ஆட்டம் ஏற்பாடு செய்பவருக்குத் தெரியாதா?

போனை வைத்துவிட்டு தேச்சா முகத்தைத் துடைத்துக்கொண்டான். அனன் விளம்பரப் படம் எடுக்க வந்து காத்திருந்தான்.

"கேமரா ஓடுது அண்ணே. பேசுங்க."

"நாலு மாசத்துக்கு முன்னாடி என் இடது தொடை கிழிஞ்சுது. சனிக்கிழமை அதே தொடையோட அஞ்சு ரவுண்டு நின்னேன். எல்லாம் இந்த மருந்து!"

"பிரமாதம்! இந்த இடத்துல கம்பொன் உங்க தொடையில உதைக்கிறதை ஒட்டிடறேன். நீங்க அசையாம மலை மாதிரி நிக்கணும். எந்த ரவுண்டுல இருக்கு?"

"எதுல வேணாலும் இருக்கும். தேடு."

இருவரும் போனில் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தார்கள்.

முதல் ரவுண்டில் கம்பொன் விலாவில் உதைத்தான். இரண்டாவதில் கை, தோள், வலது கால். மூன்றாவதில் தேச்சா தடுமாறினான். இடது தொடை தோரணம் கட்டி வரவேற்காத குறையாகத் திறந்து கிடந்தது. கம்பொனின் கால் பாதி வழி வந்தது. சட்டென்று மேலே ஏறி, தேச்சாவின் முழங்கையில் மோதியது.

"அட மடையா!" அனன் தன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "கண்ணு முன்னாடி விரிச்சு வெச்சிருக்கீங்க, விட்டுட்டானே!"

தேச்சா சிரிக்கவில்லை. "அடுத்ததைப் போடு" என்றான்.

நாலாவது முடிந்தது. ஐந்தாவதும் முடிந்தது.

"ஒண்ணுகூட இல்லையே அண்ணே!" அனன் தலையைச் சொறிந்தான். "சரி விடுங்க. நானே உதைக்கிறேன். முகம் தெரியாம எடுத்துக்கலாம்."

அனன் வாழ்க்கையில் உதைத்தது மோட்டார் சைக்கிளை மட்டும்தான். போனைச் சுவரில் சாய்த்து ஓடவிட்டு, காலைத் தூக்கி, பயந்து பயந்து ஓர் உதை விட்டான்.

தேச்சா வெட்டிய வாழை மாதிரி விழுந்தான்.

"விழக்கூடாது அண்ணே, நிக்கணும்! மறுபடி எடுக்கலாமா?"

தேச்சா தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டான். எழ முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "என் போனைக் குடு. கமிட்டிக்குப் பேசணும்" என்றான்.

"இனிமே எதுக்கு?"

வாசலில் ராட்ரி அக்கா நின்றிருந்தாள். "விசாரணை முடிஞ்சுது. கம்பொனுக்கு ஒரு வருஷம் தடை."

"அவன்... ஒண்ணுமே சொல்லலையா அக்கா?"

"ஏன் ஒழுங்கா அடிக்கலன்னு கேட்டாங்களாம். ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டானாம்."

"என்னன்னு?"

"'தேச்சா என்னைவிடப் பலசாலி. என்னால முடியல.'"