ஏறுகிற வண்டிக்கு வழி

“பொய் சொன்னா ஜெயில். அவ்வளவுதான். நம்ம ஊர்லயும் இதைக் கொண்டு வரணும் மேடம்.”

தாளாளர் ஜெயபிரகாஷ் செய்தித்தாளை மேசையில் தட்டினார். வெளிநாட்டில் ஒருவர் கன்னாபின்னா வேகத்தில் கார் ஓட்டி கேமராவில் மாட்டியிருக்கிறார். ஓட்டியது நானில்லை என்று போலீசில் கூசாமல் புளுகியும் இருக்கிறார். புளுகியதற்காகவே இப்போது கம்பி எண்ணுகிறார்.

“வேகமாப் போனதுக்கு அபராதம், பொய் சொன்னதுக்கு ஜெயிலா? கொஞ்சம் ஓவரா இல்ல சார்?” என்றார் தலைமையாசிரியை சுதாராணி.

“ஓவரே இல்ல. பொய் சொல்றவனை ஈவு இரக்கம் பார்க்காம உள்ளே தள்ளணும்.”

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஏற்காட்டில் பள்ளி நடத்துகிறவர். பேச்சில் கறார் இருக்கத்தானே செய்யும்!

பள்ளி பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்க அன்று நேர்காணல். கடைசியாக வந்தவர் செம்மநத்தம் காளியப்பன். ஐம்பதைத் தாண்டிய ஆள். வெளுத்துப்போன காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்.

உள்ளே வந்ததும் சுவரில் மாலையோடு தொங்கிய படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். படத்தில் இருந்தவர் ஜெயபிரகாஷின் அப்பா ஐயாக்கண்ணு. ஊருக்கே ‘பெரியவர்’. அவர் இருந்தவரை மகனுக்கு ஒரு கவலையும் தெரிந்ததில்லை. எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார்.

‘வேலை கேட்டு வர்றவன் எல்லாம் அப்பாவுக்குத்தான் ஐஸ் வைக்கிறான்’ என்று நினைத்துக்கொண்டார் ஜெயபிரகாஷ்.

சுதாராணி முதல் கேள்வியைக் கேட்டார். “கொண்டை ஊசி வளைவுல எதிரும் புதிருமா ரெண்டு வண்டி வந்துட்டா எந்த வண்டி நிக்கணும்?”

காளியப்பன் வாயைத் திறப்பதற்குள் ஜெயபிரகாஷ் முந்திக்கொண்டார். “இதெல்லாம் ஒரு கேள்வியா மேடம்? இறங்குற வண்டி வேகத்துல வரும். ஏறுறவன்தான் ஒதுங்கி நிக்கணும்.”

“இல்லீங்கய்யா,” என்றார் காளியப்பன் பணிவாக. “இறங்குற வண்டிதானுங்க நிக்கோணும். ஏறுற வண்டிய வளைவுல நிறுத்திட்டா மறுக்கா எடுக்கறது நொம்பச் சிரமமுங்க. மலையில எப்பவுமே ஏறுற வண்டிக்குத்தானுங்க வழி.”

சுதாராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு மார்க் போட்டார். ஜெயபிரகாஷுக்குச் சுருக்கென்றது. ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வண்டி ஓட்டி விபத்து ஏற்படுத்தியது உண்டான்னு ஃபாரத்துல கேட்டிருக்கோம். நீ ‘இல்லை’ன்னு எழுதியிருக்கே.”

“ஆமாங்க.”

“ஆனா போலீஸ்ல விசாரிச்சதுல நீ விபத்து கேஸ்ல மூணு மாசம் ஜெயில்ல இருந்ததா வந்திருக்கே!”

“இருந்தேனுங்க.”

“பாத்தீங்களா மேடம்? பேப்பர்ல படிச்சுட்டு நிமிர்றதுக்குள்ள நேர்லயே ஒருத்தன் வந்துட்டான்!” ஜெயபிரகாஷ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இந்த மாதிரி பொய்க்கு வெளிநாட்டுல என்ன தண்டனை தெரியுமா? ஜெயில்!”

“இங்கயும் ஜெயில்தானுங்கய்யா. பொய் சொன்னதுக்குத்தான் அந்த மூணு மாசம் இருந்துட்டு வந்தேன்.”

“புரியலையே, என்னங்க சொல்றீங்க?” என்றார் சுதாராணி.

“அந்தக் கார நான் ஓட்டலீங்க மேடம். நான்தான் ஓட்டுனேன்னு ஜட்ஜய்யாகிட்டச் சொன்னேன். அப்ப லாரி ஓட்டிட்டு இருந்தேனுங்க, எங்க மொதலாளி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. பையன் படிக்கிற வயசு, கேஸுன்னு வந்தா வாழ்க்கையே போயிரும்னாரு. எனக்கு மனசு கேக்கலீங்க. மூணு மாசத்தோட போயிரும்னு நெனச்சேன். எங்க போச்சு? ஜெயிலுக்குப் போன டிரைவருன்னு ஒருத்தரும் ஸ்டீயரிங்கத் தொட வுடல. பன்னெண்டு வருசமா மூட்டை தூக்கறேன். இப்ப முதுகும் முடியலீங்க. கடைசியா இங்க ஒருக்கா கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்.”

“அந்தப் பையன் யாரு?”

“அது வேண்டாமுங்க மேடம்.”

“சார், இவர் பாவம் சார். வேலை குடுக்கலாமே,” என்றார் சுதாராணி.

ஜெயபிரகாஷ் ஃபைலை மூடினார். “கதை நல்லாத்தான் இருக்கு. நிஜமாவே இருந்தாலும் இவன் சொன்னது பொய்தானே? பொய் சொல்றவனை நம்பிப் பிள்ளைங்களை ஏத்தி அனுப்ப முடியாது. நீ கிளம்புப்பா. அந்தப் பையன் மட்டும் யோக்கியனா? இவனை ஜெயிலுக்கு அனுப்பிட்டு எங்கேயோ சொகுசா உட்கார்ந்திருப்பான். கையில கிடைச்சா அவனையும் உள்ளே தள்ளணும்!”

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகளைப் பார்க்க சுதாராணி மனமில்லாமல் எழுந்து போனார்.

காளியப்பனும் எழுந்துவிட்டார். ஆனால் போகவில்லை. மேடத்தின் செருப்புச் சத்தம் வராந்தாவைத் தாண்டும் வரை பொறுத்திருந்துவிட்டு, படத்தில் இருந்த பெரியவரை ஒருமுறை பார்த்தார்.

“அப்படிச் சொல்லாதீங்க தம்பி,” என்றார் மெதுவாக. “ஒம்பதாவது வளைவுல நிக்காம வந்து நீங்க இடிச்சீங்களே, அந்தக் கிளியூர் மொபட்டுக்காரரு இப்ப நல்லா நடமாடறாருங்க. ஃபாரின் போற அவசரத்துல அவரு என்ன ஆனாரு, உங்களுக்குப் பதிலா யாரு உள்ள போனாங்கன்னு நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. உங்கள உள்ள போக வுட மாட்டேன்னு உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேனுங்க.”