எண்ணெய் வந்த வழி

பழைய கார் ஒன்றின் மூன்றாவது சிலிண்டரில் இருந்த ஸ்பார்க் பிளக் மேல் மட்டும் ஓயாமல் எண்ணெய் படிந்தது. பொறி வராமல் கார் திணறும். "எல்லாம் உன்னாலதான்" என்று மற்ற மூன்று பிளக்குகளும் அதோடு பேச்சை நிறுத்திவிட்டன.

பேச்சுத்துணைக்குக் கீழே பிஸ்டனைச் சுற்றியிருந்த வளையம் ஒன்றுதான்.

"அண்ணே, இந்த எண்ணெய் எங்கிருந்துதான் வருது?" என்று ஒருநாள் பிளக் கேட்டது.

வளையம் தயங்கியது. "என் வழியாத்தான் தம்பி. நான் தேஞ்சுட்டேன், எண்ணெயைத் தடுக்க முடியல. வெளியே தெரிஞ்சா என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

பிளக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதற்கும் வேறு யார் இருக்கிறார்கள்? "நான் சொல்லமாட்டேண்ணே" என்றது.

மறுநாள் மெக்கானிக் பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார். இந்தப் பிளக் இரண்டாவது சிலிண்டரில் காய்ந்து சுத்தமாக இருந்தது. மூன்றாவது சிலிண்டருக்குப் போன பிளக் எண்ணெயில் நனைந்திருந்தது.

"பிளக் மேல தப்பில்ல, ரிங்குதான் தேஞ்சிருக்கு" என்றவர், எஞ்சினைப் பிரித்துப் புது வளையம் போட்டு, பிளக்கைப் பழைய இடத்திலேயே மாட்டினார்.

கார் திணறாமல் ஓடியது. மற்ற பிளக்குகள் வலிய வந்து பேசின. பிளக் கீழே குனிந்து, "இங்கே இருந்தவர் எங்கே?" என்று கேட்டது.

"யாருங்க அது?" என்றது புது வளையம்.