குளிரைப் பதுக்கியவன்

ஏசியில் குளிர் குறைந்த நாளிலிருந்து அந்தக் காரின் ஃபேனுக்கு கம்ப்ரஸர் மேல்தான் சந்தேகம். "நான் நாய் மாதிரி சுத்துறேன். அவன் குளிரைப் பதுக்குறான்" என்று ஃபில்டரில் குடியிருந்த எலியிடம் புலம்பியது.

"அவன் முழியே சரியில்லைண்ணே" என்றது எலி, ஃபில்டருக்குள் இன்னும் கொஞ்சம் பஞ்சைத் திணித்துக்கொண்டே.

"அண்ணே, காத்து வர்ற வழியைப் பாருங்க" என்று கம்ப்ரஸர் கெஞ்சியது.

"பார்த்தியா, பேச்சை மாத்துறான்!" என்று எலியிடம் கிசுகிசுத்தது ஃபேன்.

மறுநாள் மெக்கானிக் வந்து ஃபில்டரை உருவினார். பஞ்சும் நாரும் பொலபொலவென்று கொட்டின. எலி குதித்து ஓடியே போய்விட்டது. புது ஃபில்டர் போட்டதும் கார் முழுக்க ஜில்லென்று குளிர் பரவியது.

ஃபேன் மட்டும் கம்ப்ரஸரை முறைத்தது. "பாவம் எலி, தங்கமான பையன். இவன்தான் போட்டுக் கொடுத்திருப்பான்."