கொக்கி எந்தப் பக்கம்?

“இதுக்குப் பேரு கொழந்தைக் கட்டிலா சம்பந்தி?”

ரேணுகாம்பாள் கேட்ட கேள்வியில் சகாதேவனுக்குக் கோலி சோடா புரையேறியது.

ஏறாதா? பத்து நாள் ஆசாரி பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்கிய கட்டில். கீழ்பென்னாத்தூரில் பஸ் கூரையில் ஏற்றி, திருவண்ணாமலையில் இறக்கி, ரிக்‌ஷாவில் வைத்து, இப்போதுதான் சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்.

தொட்டில் தாய்வீட்டுச் சீர். மகள் வேதாவுக்குத் தாய் இல்லை. பிரசவமே மாமியார் வீட்டுப் பொறுப்பில்தான். சீரிலாவது குறை வரக்கூடாது என்று மனுஷன் ஒற்றை ஆளாய் அலைந்திருந்தார்.

புடவையில் ஏணை கட்டினால் போதாதா என்று அவர் கேட்டதற்கு டாக்டரம்மா கூடாது என்றுவிட்டார். ஆபரேஷன் பண்ணிப் பெற்றவள். எழுந்து போய்த் தூக்க முடியாது. குழந்தை அவள் கட்டிலை ஒட்டியே இருக்கணும், ஆனால் தனிப் படுக்கையில் இருக்கணும்.

“இன்னா கொறை சம்பந்தியம்மா?”

ரேணுகாம்பாள் அவர் கையில் இருந்த காலி சோடா பாட்டிலைப் பிடுங்கினாள். கட்டிலின் மரக்கம்பிகளுக்கு நடுவே விட்டாள். பாட்டில் அந்தப் பக்கம் போய் விழுந்தது.

“பாட்டில் போற சந்துல நாளைக்கு நெளியற புள்ள போகாதா? ஒடம்பு போயிடும், தலை மாட்டிக்கும். நெருக்கமா கம்பி அடிச்சிக் கொண்டாங்க.”

“அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா” என்றான் மருமகன் மூர்த்தி, டிரான்சிஸ்டரைத் திருகியபடி.

சகாதேவன் வந்த ரிக்‌ஷாவையே திருப்பினார். பக்கத்துத் தெரு ஆசாரியைப் பிடித்து, நடுநடுவே கம்பி அடித்து, சாப்பாட்டு வேளை தாண்டித் திரும்பினார்.

பாட்டில் போகவில்லை. அதற்காக ரேணுகாம்பாள் பாராட்டிவிடவும் இல்லை. மூட்டையை அவிழ்த்தாள்.

“இது இன்னா?”

“இலவம்பஞ்சு மெத்தை. தலைகாணி. பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு திண்டு. என் தங்கச்சி கஸ்தூரி கையால தச்சது.”

மெத்தையை ஒரு குத்து குத்தினாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது.

“இவ்ளோ மெத்துமெத்துனு இருந்தா மூஞ்சி பொதைஞ்சிக்கும். அப்புறம் புள்ளைக்கு யாரு மூச்சு உடறது? நீங்களா?”

மெத்தையும் திண்டும் வெளியே போயின. பழைய பருத்திப் புடவையை நாலாய் மடித்துப் பலகைமேல் சுருக்கம் இல்லாமல் இழுத்து, அடியில் முடிச்சுப் போட்டாள்.

“தலைகாணி?” என்று இழுத்தார் சகாதேவன்.

“அதை நீங்களே எடுத்துக்கினு போங்க. பஸ்ல தூங்க ஒதவும்.”

மூர்த்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சகாதேவன் பல்லைக் கடித்தார். எதிரில் நிற்கிற ஆம்பளையையே இந்தப் போடு போடுகிறவள், நான் அந்தப் பக்கம் போனதும் என் பொண்ணை என்ன பாடு படுத்துவாள்?

“உடுங்கப்பா” என்றாள் வேதா உள்ளிருந்து.

விட்டார்.

குழந்தைக் கட்டில் வேதாவின் கட்டிலோடு ஒட்டி நின்றது. ரேணுகாம்பாள் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. இரண்டு கட்டில்களின் கால்களையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினாள். அப்பாடா என்று சகாதேவன் மூச்சு விடும்போது, ஏதோ யோசித்தவள், கயிற்றை அவிழ்த்தாள். குழந்தைக் கட்டிலைப் பக்கம் மாற்றிப் போட்டு மறுபடி கட்டினாள்.

கட்டிலில் மூன்று பக்கம் கம்பி. நாலாவது பக்கம் கீல் வைத்த பலகை. கொக்கியை எடுத்தால் கீழே மடங்கும். படுத்தபடியே வேதா குழந்தையை எடுக்கட்டும் என்றுதான் சகாதேவன் அதைச் சொல்லிச் செய்திருந்தார். இப்போது கொக்கி அந்தப் பக்கம். வேதா பக்கம் கம்பி.

குழந்தையைப் படுக்க வைத்தார்கள். வேதா கையை நீட்டினாள். விரல் கம்பியில் இடித்தது. கண் கலங்கிவிட்டது.

சகாதேவனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“சந்து ஜாஸ்தின்னீங்க, கம்பி அடிச்சேன். மெத்தை ஆகாதுன்னீங்க, சரின்னேன். பெத்தவளுக்கும் புள்ளைக்கும் நடுவுல வேலி போடறீங்களே, இது எந்த ஊரு ஞாயம்? வேதா! துணிய எடு. புள்ளைய நான் தூக்கிக்கிறேன். கெளம்பு, நம்ம ஊட்டுக்குப் போலாம்!”

“அம்மா எது செஞ்சாலும்...” என்று ஆரம்பித்தான் மூர்த்தி.

சத்தத்தில் குழந்தை வீறிட்டது. வேதா சட்டென்று எழப் பார்த்தாள். தையல் சுரீரென்று இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“அசையாதடி!” என்று அதட்டினாள் ரேணுகாம்பாள். சகாதேவன் பக்கம் திரும்பினாள். “பாத்தீங்களா? கொக்கி இவ பக்கம் இருந்தா, அது சிணுங்கற ஒவ்வொரு வாட்டியும் இப்பிடித்தான் எழுந்துக்குவா.”

பிறகு மகன் கையில் இருந்த டிரான்சிஸ்டரைப் பிடுங்கி அணைத்தாள்.

“மொட்டை மாடியில காத்து வாங்கிக்கினு தூங்கினது போதும். பாயைச் சுருட்டிக்கினு வந்து கொக்கி பக்கத்துல போடுறா. பால் குடுக்கத்தான் அவ வேணும். ஈரத்துணி மாத்த நீ போதும்!”