ஒரு வரி பாக்கி

"மார்ச் 12. சிறு தவறு: ஒரு வரியை மறந்துவிட்டேன்" என்று நாட்குறிப்பில் எழுதினாள் புது புரோகிராமர்.

மேலாளர் எழுதிய பழைய மென்பொருளைத் தொகுத்துச் சரிபார்க்கும் பில்டில், பிழை பிடிக்கும் டெஸ்ட் லைப்ரரியைச் சேர்த்து, நாற்பது டெஸ்ட்டுகளும் எழுதியிருந்தாள். பில்டு பச்சை காட்டியது; எல்லாம் சரி என்று அர்த்தம்.

"ஒரு பிழைகூட இல்லையா? நான் எழுதினதுன்னா சும்மாவா!" என்று மீசையை முறுக்கினார் மேலாளர். "உன் வேலை நிரந்தரம்மா. நாளைக்கு ஆர்டர்."

"இன்னொரு தடவை பார்த்துடறேன் சார்."

"கண்ணு பட்டுடும், போம்மா!"

அவளுக்கு மனசு கேட்கவில்லை. முதல் முயற்சியிலேயே அவளுக்கு எதுவும் தேறியதில்லை. இரண்டும் இரண்டும் ஐந்து என்று ஒரு டெஸ்ட் எழுதிப் பார்த்தாள்.

அதற்கும் பச்சை!

டெஸ்ட்டுகளை ஓட்டச் சொல்லி பில்டுக்குக் கட்டளையிடும் வரியை அவள் எழுதவே இல்லை. எழுதியதும், நாற்பதில் முப்பத்தெட்டு சிவப்பு.

நாட்குறிப்பில் கடைசியாக எழுதினாள்: "நாளைய வேலை: முதலில் ஆர்டரை வாங்குவது. பிறகு சாரிடம் சொல்வது."