ஒன்பதாவது இட்லி

தட்டில் ஆறாவது இட்லியை வைத்தாள்.

"இப்போ பசி இருக்கா?" என்று கைப்பேசியைப் பார்த்துக் கேட்டாள்.

திரையில் இருபத்தேழு பெயர்கள். பதினொன்றாம் வகுப்பு, பொருளியல். கொரோனாவில் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபின் அவளுடைய சமையல் மேடைதான் வகுப்பறை.

ஒரு பொருளைத் தொடர்ந்து நுகர்ந்தால் அடுத்தடுத்த அலகில் கிடைக்கும் பயன்பாடு குறைந்துகொண்டே போகும். முதல் இட்லி அமிர்தம். ஆறாவது இட்லி தண்டனை. அவ்வளவுதான் விதி. இருபது நிமிடத்தில் நடத்தி முடிக்கலாம்.

அவள் ஒரு மணி நேரமாக நடத்திக்கொண்டிருந்தாள்.

செவ்வந்திக்காக.

பத்து மணிக்கு வகுப்பு தொடங்கியதுமே அந்தப் பிள்ளையிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. 'மிஸ், இன்னைக்கு எனக்குக் கல்யாணமாம். கிளாஸ் முடிஞ்சதும் கார்ல கூட்டிட்டுப் போறாங்க. எந்தக் கோயில்னு சொல்ல மாட்டேங்கறாங்க.'

பதினாறு வயது.

கிளாஸ் முடிஞ்சதும். அப்படியென்றால் முடியாதவரை போக மாட்டார்கள்.

செவ்வந்தியின் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டீச்சர் பாடம் நடத்தும்போது பிள்ளையை நடுவில் எழுப்புவது தப்பு என்று நினைக்கிறவர். கடைசி வகுப்பு, முடித்துவிட்டு வரட்டும் என்று போனைக் கையில் கொடுத்திருக்கிறார். கெட்டவர் என்றால் திட்டித் தீர்க்கலாம். இவரை என்ன செய்வது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மைக்கை அணைத்துவிட்டு, கணவரின் போனில் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்திருந்தாள்.

"ஜீப் கிளம்பிருச்சு மேடம். அம்பது கிலோமீட்டர் வரணும். அதுவரைக்கும் எப்படியாவது பொண்ணை வீட்டுலயே நிறுத்தி வைங்க."

எப்படியாவது. அவளிடம் இருந்தது எட்டு இட்லியும் ஒரு விதியும்.

செவ்வந்திக்குச் செய்தி அனுப்பினாள். 'ஜீப் வருது. நான் முடிக்க மாட்டேன். நீ எழுந்திரிக்காதே.'

வகுப்பு நடப்பது இலவச இணைப்பில். நாற்பது நிமிடமானால் தானாகவே அறுந்துவிடும். பத்து நாற்பதுக்கு அறுந்தபோது அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதே லிங்கில் திரும்ப வாருங்கள் என்று குழுவில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒவ்வொரு பெயராக வந்தது. இருபத்தாறு.

செவ்வந்தி கடைசியாக வந்தாள். இந்த முறை கேமராவும் மைக்கும் திறந்திருந்தன. மொட்டை மாடி, கொடியில் காயும் வேட்டி, முகத்தில் மஞ்சள், தலை நிறையக் கனகாம்பரம்.

எல்லோரும் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. செவ்வந்தியிடம் இயர்போன் கிடையாது. இங்கே பேசுவதெல்லாம் அந்த வீட்டில் கேட்கும்.

ஏழாவது இட்லி.

"மிஸ், இதத்தான் அப்பவே நடத்துனீங்க," என்றான் எட்வின். வருகைப் பதிவைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவன்.

"பரீட்சைக்கு வரும்."

பொய். இந்த வருடம் பரீட்சையே சந்தேகம்.

எட்டாவது இட்லி. கணவரின் போன் அதிர்ந்தது. 'ரயில்வே கேட் போட்டிருக்காங்க மேடம். இன்னும் பதினஞ்சு நிமிஷம் ஆகும்.'

இணைப்பு அறுவதற்குப் பத்து நிமிடம் இருப்பதாகத் திரை சொன்னது.

இன்னொரு முறை அறுந்தால் செவ்வந்தி திரும்ப வர மாட்டாள். அது நிச்சயம்.

ஒன்பதாவதற்கு இட்லி இல்லை. முதலில் வைத்ததையே எடுத்து மறுபடியும் வைத்தாள். வேறு நாளாக இருந்தால் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள்.

"ஒன்பதாவது," என்றாள்.

செவ்வந்தியின் பக்கமிருந்து கார் ஹாரன் கேட்டது. இரண்டு முறை.

"அம்மாடி, கார் வந்துருச்சு," என்று அப்பாவின் குரல். மாடிப்படியில் ஏறி வந்து, போனுக்கு முன்னால் குனிந்தார். புதுச் சட்டை. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டார். "டீச்சர், பாடம் முடிஞ்சிருச்சுங்களா?"

இவ்வளவு நேரம் சரளமாகப் பொய் சொன்னவளுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் ஒரு சொல்கூட வரவில்லை.

எட்வினின் மைக் திறந்தது.

"முடியலைங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. மிஸ், முதல் இட்லியில இருந்து சொல்லுங்க."

"எனக்கும் மிஸ்," என்றாள் பரக்கத் நிஷா.

திரையில், சந்தேகம் கேட்க அழுத்தும் மஞ்சள் கைக்குறிகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பதினொன்று. பத்தொன்பது. இருபத்தாறு.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க டீச்சர். பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி பொறுமையாவே சொல்லுங்க," என்றார். "கார்க்காரன் நிப்பான்."

நகர்ந்து, மாடிச் சுவரோரம் கைகட்டி நின்றுகொண்டார்.

இணைப்பு அறுவதற்கு நான்கு நிமிடம் இருந்தது. ஜீப்புக்கு ஒன்பது.

தட்டைக் காலி செய்தாள். முதல் இட்லியை எடுத்து நடுவில் வைத்தாள்.

"காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடல. இப்போ முதல் இட்லி வருது. எப்படி இருக்கும்? செவ்வந்தி, நீ சொல்லு."

அன்று முதல் முறையாகச் செவ்வந்தி வாய் திறந்தாள்.

"பசிக்குது மிஸ்."