பூனை வாங்கிய வீச்சு வலை

தூண்டிலில் மாட்டப் பொடிமீன் பிடிக்கலாம் என்று ஒரு பூனை முதன்முதலாக வீச்சு வலை வாங்க வந்தது. ஆற்றங்கரைக் கடையில் இருந்த நண்டு ஒரு சின்ன வலையை எடுத்துக் கொடுத்தது.

"புதுசா வீசறவங்களுக்கு இதுதான் நல்லா விரியும்."

கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த மடவை மீன் குஞ்சுகளுக்கு அது கேட்டதும், அந்தச் சின்ன வலை தங்களைப் பிடிக்கத்தான் என்று புரிந்துவிட்டது. அவை தண்ணீருக்கு மேலே தலையை நீட்டின.

"என்னண்ணே, உங்க உடம்புக்கு இந்தக் கைக்குட்டையா? அந்தப் பெரிய வலையை எடுங்கண்ணே!"

பூனைக்கு மீசை துடித்தது. பெரிய வலையையே வாங்கி, மூச்சைப் பிடித்து வீசியது. வலை விரியவே இல்லை; துணி மூட்டை மாதிரி தொப்பென்று விழுந்து மூழ்கியது.

விலகி நின்ற குஞ்சுகள், "அடேயப்பா, என்ன வீச்சு!" என்று வாலடித்து ஆரவாரம் செய்தன.

பூனை பூரித்துப்போய் அவற்றிடமே கேட்டது: "நாளைக்கு இதைவிடப் பெரிசா வாங்கிரட்டுமா?"